சோறு சுருங்க, கறி பெருக

யாழ்ப்பாணத்துத் தீவகத்தில், வேலணைக் கரையோரக் கிராமமொன்றில் வாழும் என் சின்னம்மா மத்தியான போஜனம் பரிமாறும் முறையை நான் பாலியத்திலிருந்தே கண்டு வந்திருக்கிறேன். தட்டின் நடுவே குத்தரிசிச் சோறு மூன்று அகப்பை குவியலாக விழும். அந்தக் குவியலின் சரிவிலே, இடம் போதாமல் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, கத்தரிக்காய்ப் பால்கறியும் முருங்கையிலை வறையும் விளைமீன் குழம்பில் ஒரு துண்டும் ஒதுங்கும். கடைசியில், உண்பவர் போதும் போதும் என்று கையை விரித்து மறைத்தாலும், விரலிடுக்கு வழியாக இன்னுமோர் அகப்பைச் சோறு வந்து சேரும். அந்த நான்காவது அகப்பைக்குப் பெயர் பட்சம். அதை மறுப்பவர் பரிமாறியவரையே மறுத்தவராக எண்ணப்படுவார்.

சென்ற வருஷம் அவருக்குச் சலரோகம் (நீரிழிவு) என்று இரத்தப் பரிசோதனை சொல்லிற்று. வைத்தியர் மாத்திரை எழுதிக் கொடுத்து, “மாப்பொருளைக் குறையுங்கோ அம்மா” என்று சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்த சின்னம்மா அடுப்படிக் குந்தில் உட்கார்ந்து, “அப்ப நான் இனி எதைத் தின்னுறது?” என்று கேட்டார். அவர் அதைக் கேட்ட வேளையில் அடுப்பைச் சுற்றி ஐந்து சட்டிகள் இருந்தன. ஒன்றிலே சோறு, மற்றை நான்கில் மீன் குழம்பு, கீரை, பாவற்காய், சொதி. வைத்தியர் குறைக்கச் சொன்னது ஒரு சட்டியை. சின்னம்மா பறிபோய்விட்டதாக நினைத்ததோ ஐந்தையும். இக்கட்டுரை அந்த மற்றை நான்கு சட்டிகளைப் பற்றியது.

சோறும் உணவும் ஒரே பொருள் என்ற எண்ணம் இலங்கைத் தீவு முழுவதிலும் வேரோடியிருக்கிறது. சிங்கள வீட்டிலும் விருந்தாளியிடம் ‘பத்’ உண்டாயிற்றா என்றே விசாரிப்பார்கள். பத் என்றால் சோறு. கறி என்பதற்கோ, சோற்றைத் தொண்டைக்குக் கீழே இறக்கும் துணை என்ற பதவிக்கு மேல் யாரும் கொடுத்ததில்லை. இதற்கு நாவின் ஆசை மாத்திரம் காரணமன்று. பஞ்சத்தின் ஞாபகமும் காரணமாகும். 1942 இல் பர்மா ஜப்பானியர் வசமானபோது, அங்கிருந்து கப்பல் கப்பலாக வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோக, பங்கீட்டுக்கு வரிசையில் நின்ற குடும்பங்கள் கோதுமை மாவுக்கும் பாணுக்கும் பழகின. 1953 இல் ஒரு கொத்துப் பங்கீட்டு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது, ஆகஸ்டு 12 ஆம் தேதி ஹர்த்தால் மூண்டு நாடு ஸ்தம்பித்தது. இரண்டு மாதத்தில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். அரிசிக்காக அவ்வளவு பட்ட ஒரு தலைமுறை, பிள்ளையின் தட்டிலே சோறு குவிந்திருப்பதைக் கண்டு ஆறுதலடைந்ததை எவரும் குறை கூற இயலாது. அவர்களோ வயல் கொத்தியும், துலா மிதித்தும், தோணி வலித்தும், உண்ட சோறு முழுவதையும் பொழுது சாய்வதற்குள் செலவழித்தவர்கள். தோணியும் துலாவும் போய்விட்டன. குவியல் மாத்திரம் அப்படியே இருக்கிறது.

அதன் பலன் கணக்கிலே தெரிகிறது. 2005, 2006 ஆம் வருஷங்களில் தீவு முழுவதும் நடந்த ஆராய்ச்சியில், வளர்ந்தவர்களில் 100 பேருக்கு ஏறக்குறைய 10 பேர் சலரோகிகளாகக் காணப்பட்டனர். 2018, 2019 இல் நடந்த மற்றோர் ஆராய்ச்சியில் அத்தொகை 23 ஆக உயர்ந்திருந்தது. ஒரு வீட்டிலே நான்கு பெரியவர்கள் இருந்தால் அவர்களில் ஏறக்குறைய ஒருவர் இந்த வியாதிக்காரர் என்னும் நிலைக்குத் தீவு வந்து நிற்கிறது.

தமிழகத்தார் மாவுச்சத்து என்றும் இலங்கையில் மாப்பொருள் என்றும் சொல்வது, வயிற்றிலே சீரணமானபின் குளுக்கோசாகி இரத்தத்தில் கலக்கிறது. சமைத்த வெள்ளைச் சோறு 100 கிராமில் அது சுமார் 28 கிராம். ஆகவே, குவித்துப் பரிமாறிய ஒரு தட்டுச் சோறு 400 கிராமைத் தொடுமானால், ஒரே வேளையில் 112 கிராம் உள்ளே போகிறது. குறை மாப்பொருள் உணவு என்று வைத்திய நூல்கள் பொதுவாகக் குறிப்பிடுவது நாளொன்றுக்கு 130 கிராமுக்கு உட்பட்டதை. காலையில் இடியப்பமும் இரவில் புட்டும் இன்னும் கணக்கில் வரவில்லை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். காலாகாலமாக நாம் ‘பாரமில்லாத’ ஆகாரமென்று நோயாளிக்குக் கொடுத்துவரும் பாணும் இதற்கு இளைத்ததன்று. 450 கிராம் நிறையுள்ள ஓர் இறாத்தல் பாணில் கால்வாசியே சுமார் 55 கிராம் மாப்பொருள் கொண்டது.

மாப்பொருளைக் குறைத்துத் தேகத்தைச் சரிப்படுத்தும் யோசனை நேற்று முளைத்ததன்று. லண்டனில் பிரேதச் சேவைத் தொழில் செய்துவந்த வில்லியம் பாண்டிங் என்பவர், பாணையும் சீனியையும் உருளைக்கிழங்கையும் விலக்கித் தாம் இளைத்த வரலாற்றை 1863 இல் சிறு பிரசுரமாக வெளியிட்டார். இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்ட 1921 க்கு முன்னர் சலரோகிகளுக்கு வைத்தியர்கள் வைத்திருந்த முக்கிய பரிகாரமும் ஆகாரக் கட்டுப்பாடே. இடையில் பல அபிப்பிராயங்கள் மாறி வந்து, 2019 இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் வெளியிட்ட ஆகார அறிக்கை, இரத்தச் சீனியைச் சீர்படுத்துவதில் மாப்பொருளை மொத்தமாகக் குறைப்பதற்கே அதிக ஆதாரம் உண்டு என்று எழுதிற்று. ஆயினும் குறை மாப்பொருள் உணவைச் சொல்லும் நூல்களைத் திறந்தால், அவை காட்டும் பதார்த்தங்கள் பாலாடைக்கட்டியும் பாதாம் மாவும் ஒலிவ எண்ணெயுமாக இருக்கும். அவற்றைப் படித்த நம்மவர், இது பணக்காரர் பத்தியம், வெளிநாட்டார் பத்தியம் என்று மூடி வைத்துவிடுகிறார்கள். என் மறுப்பு இங்கேதான் பிறக்கிறது. கடல் சூழ்ந்த ஒரு தீவிலே, தென்னையும் முருங்கையும் அகத்தியும் வேலிக்கு வேலி நிற்கும் மண்ணிலே, குறை மாப்பொருள் உணவுக்குக் கடல்கடந்து கடன் வாங்க வேண்டிய அவசியம் என்ன இருக்கிறது?

சுறா வறையை எடுத்துக்கொள்வோம். சிறு பால்சுறாவைத் துண்டமாக்கி, மஞ்சளும் உப்பும் இட்டு அவித்து, ஆறியபின் அரம் போன்ற தோலை உரித்து, நடுக் குருத்தை நீக்கி, சதையைக் கையாலே உதிர்த்து, நீர் சொட்டாமல் பிழிந்து எடுப்பார்கள். பிழிவது முக்கியம்; பிழியாத சுறாவில் வாடை நிற்கும். அதனுடன் துருவிய தேங்காய்ப்பூவும் மிளகுப்பொடியும் பிசறி வைத்து, தாச்சியில் நல்லெண்ணெய் காய்ந்ததும் கடுகு, பெருஞ்சீரகம், செத்தல் மிளகாய், அரிந்த வெங்காயம், கறிவேப்பிலை ஆகியவற்றைத் தாளித்து, வெங்காயம் பொன்னிறமானதும் சுறாவைக் கொட்டி, அகப்பைக் காம்பால் விடாமல் கிளறுவார்கள். ஈரம் வற்றி, பூவாய் உதிரும் பதம் வந்தவுடன் இறக்கி, தேசிக்காய் பிழிந்தால் அதன் வாசனை படலையைத் தாண்டி ஒழுங்கைக்குப் போகும். பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் சுரக்கவென்று யாழ்ப்பாணத்தில் இதைக் கொடுப்பது பரம்பரை வழக்கம். கண்ணுக்கும் வாய்க்கும் இது புட்டைப் போலவே இருக்கும். தமிழகத்துக் கரையோரத்தார் இதைச் சுறாப்புட்டு என்றே அழைக்கிறார்கள். ஆனால் அரிசி மாவு இதில் ஒரு சிட்டிகையும் இல்லை. பெரிய சுறாக்களில் பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதால் சிறியதையே வாங்குவதும், தினந்தோறும் உண்ணாதிருப்பதும் உத்தமம். மற்ற நாட்களில் அதே பக்குவத்தில் திருக்கையைச் சமைக்கலாம்.

தெற்கே மாத்தறைப் பக்கத்துக் கடற்கரைச் சிங்களவர் செய்யும் அம்புல் தியலும் இந்த ஜாதியைச் சேர்ந்ததே. அம்புல் என்றால் புளிப்பு. சூரை போன்ற கெட்டிச் சதை மீனைக் கனத்த துண்டங்களாக்கி, மலையாளத்தார் குடம்புளி என்று சொல்லும் கொறக்காப்புளியை அரைத்து, மிளகும் உப்பும் கூட்டி, துண்டின் எல்லாப் பக்கமும் பூசி, மண்சட்டியில் ஒற்றையடுக்காகப் பரப்பிச் சிறு நெருப்பில் நீர் வற்றும்வரை வைப்பார்கள். கன்னங்கரேலென்று இறுகிய அந்தத் துண்டம், குளிர்ப்பெட்டி இல்லாத காலத்திலேயே பல நாள் கெடாமல் இருந்தது. கிழக்கிலும் வடக்கிலும் உள்ள தமிழர், பக்கத்து இனத்தாரின் இந்தப் பக்குவத்தை வீட்டிலே பழகிக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை. மாப்பொருள் அறவே இல்லாத, இரண்டு நாள் வைத்து உண்ணக்கூடிய கறி, வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு எவ்வளவு சகாயம்!

கீரைக்கு இங்கே குறைவே இல்லை. வல்லாரையைப் பொடிப்பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூவும் சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் தேசிப்புளியும் சேர்த்துப் பச்சையாகவே பிசறினால் சம்பல். பொன்னாங்காணியை ஒரு நிமிஷம் தாச்சியில் வாட்டி எடுத்தால் வறை, அதுவே சிங்களத்தில் மல்லுங். புடலை, பீர்க்கு, பாவல், வெண்டி, கத்தரி, முருங்கைக்காய், வாழைப்பூ ஆகியவற்றில் மாப்பொருள் சொற்பம். உருளைக்கிழங்கு, மரவள்ளி, வாழைக்காய், ஈரப்பலா, பலாக்கொட்டை என்பவை கறி என்ற பெயரோடு வந்தாலும் சோற்றின் உறவினர். சோற்றுக்கு மேல் உருளைக்கிழங்குக் கறி வைப்பது சோற்றுக்கு மேல் சோறு வைப்பதேயாகும். சோற்றின் இடத்தில் ஏதேனும் பரப்பினால்தான் குழம்பு ஊற்ற மனம் வரும் என்பவர்களுக்குச் சின்னம்மா கண்டுபிடித்த உபாயத்தைச் சொல்கிறேன்: கோவாவை நூல் போலச் சீவி, மஞ்சளிட்டு, தண்ணீர் விடாமல் வறை ஆக்கி, அதையே தட்டின் நடுவில் வைத்து, மேலே நண்டுக் குழம்பை ஊற்றுகிறார். முதல் நாள் நான் ஐயத்தோடு உட்கார்ந்தேன். எழும்போது தட்டில் நண்டின் ஓட்டைத் தவிர வேறொன்றும் மிஞ்சவில்லை.

கூழை விட்டுவிட முடியுமா என்று தீவகத்தார் கேட்பார்கள். கூழுக்குக் கரைக்கும் ஒடியல் மாவும் மாப்பொருளே. மரவள்ளியும் பலாக்கொட்டையும் அதனோடு சேர்ந்தால் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கூழின் உயிர் மீன்தலையிலும் நண்டிலும் இறாலிலும், அரைத்த செத்தல் மிளகாயிலும் பழப்புளியிலும் இருக்கிறது. கிழங்கையும் கொட்டையையும் நீக்கி, மாவை மூன்றிலொன்றாக்கி, பயற்றங்காயையும் முருங்கையிலையையும் அள்ளிப் போட்டுக் காய்ச்சினால், கொஞ்சம் இளகலாக வரும். பிலாவிலையைக் கோலிக் குடிப்பவருக்கு அது குறையாகத் தோன்றாது.

இங்கே மூன்று தவறான நம்பிக்கைகளைத் தயவு தாட்சணியமின்றிச் சொல்லியாக வேண்டும். குரக்கன் புட்டுத் தின்றால் சீனி ஏறாது என்பது முதலாவது. குரக்கன் மா 100 கிராமில் மாப்பொருள் ஏறக்குறைய 70 கிராம். நாரும் சுண்ணச்சத்தும் அதிகம் என்பது மெய்யாயினும், குவித்து உண்டால் அதுவும் குவியலே. தவிடு நீக்காத சிவப்பு அரிசிக்கு அளவு வேண்டாம் என்பது இரண்டாவது. அது வெள்ளை அரிசியைவிட மேலானது, அளவின்றி உண்ணத்தக்கதன்று. மூன்றாவது, சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டியோ கித்துள் கருப்பட்டியோ கடித்துத் தேநீர் குடித்தால் தீங்கில்லை என்பது. பனை நம் குலதனம். அதன்மேல் எனக்குள்ள அபிமானம் கொஞ்சமன்று. ஆயினும் பனங்கட்டியின் பெரும்பகுதி சர்க்கரையே என்பதை மறைப்பது சலரோகிக்குச் செய்யும் துரோகம்.

தேங்காயைப் பற்றி வைத்தியர்களுக்குள் வாதம் முடிந்தபாடில்லை. தேங்காய்ப்பூவில் மாப்பொருள் குறைவு, நார் மிகுதி. அதன் கொழுப்போ பெரும்பாலும் நிறைகொழுப்பு. என் தீர்மானம் இதுதான்: துருவலாக உண்ணும் தேங்காய்க்கு அஞ்ச வேண்டாம், முதற்பாலைச் சட்டி நிறைய ஊற்றுவதைக் குறைத்து, சொதிக்கு இரண்டாம் பாலே போதுமென்று வைத்துக்கொள்வது நல்லது. இருதய வியாதியுள்ளவர் தம் வைத்தியரின் சொற்படி நடக்கட்டும்.

வீட்டிலே சாதித்ததை வெளியிலே இழப்பவர்கள் அநேகர். சோற்றுக் கடைகளில் பொதி கட்டும் முறையே பாதகமானது. வாழையிலையோ தாளோ விரித்து, முதலில் சோற்றை மலையாக்கி, மேலே கறிகளைத் தொட்டும் தொடாமலும் வைத்து, இறுக்கிக் கட்டுகிறார்கள். ஆதலால் பொதி வாங்காமல் உள்ளே உட்கார்ந்து உண்பதே விவேகம். உட்கார்ந்தால் மரக்கறியை மறுபடி கேட்கலாம், பெரும்பாலான கடைகளில் அதற்கு மேல்விலை இல்லை. “சோறு ஒரு கரண்டி போதும் அண்ணை, கீரையும் மீனும் கூடப் போடுங்கோ” என்று வாய்விட்டுச் சொல்வதில் வெட்கம் என்ன? முதல் நாள் பரிமாறுபவர் ஏற இறங்கப் பார்ப்பார். நான்காம் நாள் அவரே கரண்டியை நிறுத்திக்கொள்வார். கொழும்பில் நான் மத்தியானத்துக்குச் செல்லும் கடையில் அப்படித்தான் நடந்தது.

இரவானால் தெருவெல்லாம் கொத்துரொட்டித் தகடுகளின் ஓசை. கொத்து என்பது வெட்டிய கோதுமை ரொட்டி. ஆனால் கண்ணெதிரே கொத்தித் தரும் பண்டம் என்பதால், இது பேசித் திருத்தக்கூடியது. ரொட்டி பாதி, முட்டை இரண்டு, கோவாவும் லீக்ஸும் கோழியும் இரட்டிப்பு என்று சொன்னால், மறுத்துச் சொல்லும் கொத்துக்காரரை நான் இதுவரை கண்டதில்லை. ‘டெவல்’ என்னும் பிரட்டல் வகைகளில் சோஸோடு சீனியும் சேர்வதுண்டு. அதைவிடப் பொரித்த கணவாயோ சுட்ட மீனோ நன்று. தேநீர்க் கடையிலே நம்மை வீழ்த்துபவை ரோல்ஸும் பற்றிஸும் என்று எண்ணுகிறோம். அவற்றோடு வரும் தேநீரையும் எண்ண வேண்டும். ஒரு கோப்பைக்கு மூன்று தேக்கரண்டிச் சீனி, நாளுக்கு நான்கு கோப்பை என்றால், சுமார் 50 கிராம் சீனி கேட்பாரில்லாமல் உள்ளே இறங்கிவிடுகிறது. சீனியில்லாத வெறுந்தேநீரின் துவர்ப்புக்கு நாக்குப் பழக ஒரு மாதம் பிடிக்கும். அதன்பின் இலங்கைத் தேயிலையின் மணம் இன்னதென்று முதன்முறையாகத் தெரியவரும்.

ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் இதை முடிக்க எனக்கு உரிமையில்லை. இன்சுலின் போடுகிறவர்களும், கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட் போன்ற மாத்திரை உண்கிறவர்களும் சோற்றைத் திடீரென்று குறைத்தால், மருந்தின் வேகம் அப்படியே நிற்க, இரத்தச் சீனி அபாயகரமாக இறங்கி, வியர்த்து நடுங்கி மயங்கி விழக்கூடும். சிறுநீரக வியாதியுள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தாமாக எதையும் தொடங்கலாகாது. முதலில் வைத்தியரிடம் சொல்லி மருந்தின் அளவைச் சரிசெய்துகொண்டு, பிறகு அகப்பையைக் குறைப்பதே முறை.

சின்னம்மாவும் வைத்தியரிடம் சொல்லித்தான் தொடங்கினார். அவர் வீட்டில் பதார்த்தம் ஒன்றும் மாறவில்லை, வரிசை மாறியிருக்கிறது. வறையும் மீனும் முதலில் தட்டுக்கு வருகின்றன. அவை பாதி தீர்ந்தபின் ஓர் அகப்பைச் சோறு. ஒரே உணவில் கறியையும் புலாலையும் முதலில் உண்டு மாப்பொருளைக் கடைசியில் உண்டவர்களுக்கு, உணவுக்குப் பின் இரத்தச் சீனி ஏறுவது குறைவாயிருந்ததென்று நியூயோர்க் நகரத்தில் 11 பேரை வைத்து நடத்தி 2015 இல் வெளியான சிறு ஆராய்ச்சியொன்று சொல்கிறது. சின்னம்மா அதைப் படித்தவரல்லர். பசி அடங்கியபின் சோறு வந்தால் நான்காம் அகப்பையைத் தாமே கேட்க மாட்டார் என்று தம்மைத் தாம் அறிந்து செய்த ஏற்பாடு அது. அவருடைய சீனி இறங்கியிருக்கிறது. இன்னும் இறங்க வேண்டும் என்கிறார் வைத்தியர்.

இதைப் படிக்கும் தாய்மாரையும், சின்னம்மாமாரையும், இப்போதெல்லாம் அகப்பை பிடிக்கும் ஆண்மக்களையும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அன்பாகப் போடும் அந்தக் கடைசி அகப்பையை நிறுத்த வேண்டாம். நாளை மத்தியானம் அதைச் சோற்றுப் பானையில் விடாமல், வறைச் சட்டியில் விட்டு எடுங்கள்.